பருந்தின் பங்கு

பக்கத்தில் புது விமான நிலையம் திறக்கும் நாளிலும் சலேத்தம்மா வழக்கம்போல் கடற்கரையில் வலையை விரித்து, காயவைக்கச் சாளை மீனைக் கொட்டினாள். நிலைய அதிகாரி ஓடிவந்தார்.

"பருந்து கூடுதும்மா, பிளேன் எறங்க முடியாது. இனிமே இங்க கருவாடு போடக் கூடாது. ஊரு முன்னேற வேண்டாமா? நாளைக்கு உங்க கருவாடே துபாய்க்குப் பறக்கும்!"

"போடவே கூடாதுன்னா, பெறவு என்னத்தய்யா பறக்கவிடப் போறீரு?"

முதல் மீன் பருந்துக்கு என்பது அந்தக் கரையின் வழக்கம். இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து வானத்தில் வீசினாள். ஒரு பருந்து பாய்ந்து கவ்வியது. மற்றவை வட்டமிட்டன. அவற்றுக்கும் மேலே, இறங்க வழியில்லாமல், முதல் விமானமும் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

சலேத்தம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"அதுக்கும் பசிபோல" என்றபடி இன்னொரு மீனை எடுத்தாள்.