கடைசி வரிசை

மதீனாவின் ஓரத்தில், நான்கே வரிசை கொள்ளும் பள்ளிவாசல். தண்ணீர் சுமக்கும் யஸார் அடிமைத்தளை நீங்கிய பிறகும் கடைசி வரிசையில்தான் நிற்பான். "முன்னால வாயேன்" என்றால், "இங்கயே இருக்கேன்" என்பான். முதல் வரிசை அவனுடைய பழைய எசமான் ஹுபாபுடையது. அன்று பாதித் தொழுகையில் ஒருவன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான்.

"நபிக்கு இறைக்கட்டளை வந்திருக்கு, தொழுற திசை மாறிடுச்சு. ஜெருசலேம் இல்ல, இனி மக்காவைப் பாத்துத் தொழணும்."

வடக்கே பார்த்து நின்றவர்கள் நின்ற இடத்திலேயே தெற்கே திரும்பினார்கள். இமாம் மட்டும் நடந்து வந்து யஸாருக்கு முன்னால் நின்றார். எல்லோரும் மண்ணில் நெற்றி பதித்தபோது, இப்போது கடைசியாகிவிட்ட பழைய முதல் வரிசையில் ஒரு முழங்கால் மளுக்கென்று ஒலித்தது. இருபது வருடம் யஸார் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்ட முழங்கால் அது. இமாம் எழுந்த பிறகும் யஸாரால் நெற்றியை எடுக்க முடியவில்லை.