பிடிவாதம் பிடித்த எஞ்சின்

"பொறுங்கோ அண்ணை, அடிக்காதைங்கோ! இன்னும் கொஞ்சம் சூடு ஏறட்டும்."

ஓங்கிய சுத்தியலை அல்பேட் மெல்ல இறக்கினார். இரவிச்சந்திரன் காஸ் நெருப்பைச் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். வில்லரே என்ற நகர்ப்பகுதியில் அவன் வீட்டுப் பின்பக்கக் கராஜ் முழுவதும் காய்ந்த எண்ணெயின் வாசம். வெளியே பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது.

அது ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளின் எஞ்சின். அவர்கள் இருவரும் பிறக்கும் முன்பே ஓடியது. பிறகு யாரோ ஒரு விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் கவனிப்பாரற்றுக் கிடந்து, பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி ஒட்டிப்போனது. இரவிச்சந்திரனின் மனைவி சிவநேசம் அதை எங்கோ கண்டு வாங்கி வந்திருந்தாள்.

சிலிண்டரைத் தனியே பிரித்தெடுக்கவே பாதிக் குளிர்காலம் போய்விட்டது. பிஸ்டனோ அசையவே இல்லை. எண்ணெயில் ஊறவைத்தார்கள். சூடு காட்டினார்கள். வெளியே பனிக்குள் புதைத்தும் பார்த்தார்கள்.

"இப்பிடி ஒரு எஞ்சினை நான் கண்டதில்லையடா," என்றார் அல்பேட், தேவாலயத்தில் பூசை நேரத்தில் கதைப்பதுபோன்ற தாழ்ந்த குரலில். "போன கிழமை கையாலை சுத்தின போல்ட், இந்தக் கிழமை மாட்டன் எண்டு நிக்குது. உயிர்கியிர் இருக்கோ இதுக்கு?"

"பழைய துரு அண்ணை, உள்ளுக்கை ஊறிப்போச்சு," என்று சொல்லி இரவிச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனை வியக்கவைத்தது அல்பேட்தான். மனைவி அக்னெஸ் காலமானபின் டோர்வல் விமான நிலைய வேலையையும் விட்டுவிட்டு, வீட்டுக்குள் அடைந்து கிடந்த மனிதர். பூசைக்குப் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் போன் எடுக்கவில்லை. "அண்ணை, ஒரு எஞ்சின் கிடக்கு, தனியக் கழட்டேலாது" என்று இவன் போன் பதிவில் சொல்லி வைத்ததும் எழும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. முதலில் வாய் திறக்காமல் நின்றவர், இப்போது வேலைக்கு நடுவே பாட்டுக்கூட முணுமுணுக்கிறார்.

"இப்ப அடியுங்கோ!"

மரக்கட்டையை வைத்து அல்பேட் ஒரு தட்டுத் தட்டினார். டொக். இன்னொரு தட்டு. டொக். அடுத்த தட்டில் சத்தம் மாறியது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அசைஞ்சதண்ணை!"

"ஓமடா, அசைஞ்சது!"

பிஸ்டன் மெல்ல மெல்ல நழுவி அல்பேட்டின் உள்ளங்கையில் வந்து இறங்கியது. கையுறைக்கு மேலாகவும் அதன் சூடு தெரிந்தது. பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, துணியால் துருவை ஒற்றித் துடைத்தார். அடியில் மயிரிழை போன்ற வரிகள், வட்டம் வட்டமாக, நேற்றுச் செய்ததுபோல் மினுங்கின.

"பாரடா ரவி. இதைக் கடைஞ்சவன் எப்பவோ செத்திருப்பான். அவன்ர கைவேலை இன்னும் மினுங்குது."

இரவிச்சந்திரன் குனிந்து அந்த வரிகளை உற்றுப் பார்த்தான். அண்மைக்காலம்வரை சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் விமானத்துக்கென்று எத்தனையோ உலோகத் துண்டுகளைக் கடைந்தவன் அவன். ஆனாலும் இப்படி ஒன்றைப் பார்த்து அவன் உடம்பு சிலிர்த்ததில்லை.

வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி எடுத்துவந்தான். அது தீரும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

"அப்ப... எல்லாம் கழண்டு முடிஞ்சுதாக்கும்," என்றார் அல்பேட். குரல் இறங்கிப் போயிருந்தது.

இரவிச்சந்திரன் கோப்பையைக் கீழே வைத்தான். "எங்கை அண்ணை முடிஞ்சது? கியர்ப்பெட்டி அப்பிடியே கிடக்கு. மூடியிலை ஒரு போல்டும் அசையுதில்லை."

"அப்பிடியே?" அல்பேட்டின் முகம் மலர்ந்தது. "அப்ப வாற சனி வாறன்."

மறுநாள் மத்தியானம் சிவநேசம் கராஜுக்கு வந்தாள். "என்னப்பா, நேற்று அசையுதில்லை எண்டு அண்ணையிட்டைச் சொன்ன அந்த மூடி போல்ட் எல்லாம் வெள்ளிக்கிழமை விரலாலையே சுத்துது எண்டனீங்கள்?"

அவன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பசைக் குப்பியை எடுத்துக் காட்டினான். "இதிலை ஒரு சொட்டு விட்டுப் பூட்டினால், நெருப்புக் காட்டாமல் கழட்டேலாது. விண்டர் முழுக்க அந்தாள் வரமுதல் நான் செய்யிற வேலை இதுதான். எஞ்சின் முடிஞ்சால் பேந்தும் போய் வீட்டுக்குள்ளை முடங்கிவிடுவார் சிவநேசம்."

அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

பசை விடுவதற்காக அவன் மூடியின் முதல் போல்டைத் திருகினான். அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. நெருப்புக் காட்டிக் கழற்றிப் பார்த்தபோது, புரிகளுக்குள் புதுப் பசை. அவனுடையது சிவப்பு. இது பச்சை.

"இது... நான் போட்டதில்லையே!"

"அல்பேட் அண்ணை போட்டது, நேற்று நீங்கள் தேத்தண்ணி எடுக்க உள்ளுக்கை வந்த நேரம்," என்றாள் சிவநேசம். "உங்களுக்கு வேலை போய், கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தியள். அவருக்குச் சோறு குடுக்கப் போன இடத்திலை அதைச் சொல்லி அழுதனான். 'ரவிக்கு லேசிலை கழலாத எஞ்சின் ஒண்டாப் பாத்து வாங்கிக் குடு தங்கச்சி, நான் வந்து கூட நிக்கிறன்' எண்டு சொன்னதே அவர்தான்."