இரண்டு பொட்டலம்

அம்மன் சம்மதம் இல்லாமல் எந்த அரசாணையும் செல்லாது என்று சட்டம் வந்ததிலிருந்து, தாலுகா அலுவலகத்தில் பூ மடிப்பது மரகதத்தின் வேலை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. தாசில்தார் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள், சிவப்பு வந்தால் மறுத்துவிட்டாள்.

பதினோரு வருடமாக மரகதம் இரண்டிலும் வெள்ளையைத்தான் மடித்தாள். மேலிடத்து வாய்மொழி உத்தரவு அது. அம்மனும் இதுவரை எதையும் மறுத்ததில்லை.

இன்று வந்த கோப்பு அவள் குடியிருக்கும் தெருவை இடிக்கச் சொன்னது. மரகதம் இரண்டிலும் செவ்வரளியை மடித்தாள்.

தாசில்தார் குணசீலன் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. மரகதம் மனசுக்குள் அம்மனைக் கும்பிட்டாள். அவரோ பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோப்பில் கையெழுத்துப் போட்டார்.

"சார்... சிவப்புல்ல வந்திருக்கு?"

"ஆமாம்மா, நேத்து சுற்றறிக்கை வந்துச்சுல்ல, இனிமே சிவப்புதான் சம்மதம்னு. எங்க பழக்கதோஷத்துல வெள்ளையவே மடிச்சிருப்பீங்களோன்னு பயந்துட்டேன்."