வேண்டாம் என்ற பதவி

எலிஃபாலெட் ட்ரஸ்க் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ஊர்க்கூட்டத்தில் எழுந்து, அடுத்த தடவை சட்டசபைப் பதவி தனக்கு வேண்டாம் என்று சொன்னார். ஊர் அதை நம்பிவிட்டது.

சும்மாவா சொன்னார்? ஜெபக்கூடத்துப் பலகையெல்லாம் அதிரச் சொன்னார்.

"இங்கிலாந்து ராஜாவை எதுக்கு விரட்டினோம்? அவர் விட்ட இடத்துல நாம ஒட்டிக்கறதுக்கா? பதவிங்கறது இரவல் வாங்கின கோடாரி. வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். நான் என் நிலத்தைப் பார்க்கப் போறேன்."

கேட்டவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் போட்ட கணக்கே வேறு. மாசசூசெட்ஸில் பதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறவன் கண்ணியமான ஆளே இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க வேண்டும். ஊர் திரண்டு வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம், ‘ஜனங்களோட கட்டளை, என்ன பண்றது’ என்று ஒரு பெருமூச்சோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் முறை.

ஆகவே, ஊர் வருவதற்காகக் காத்திருந்தார். மனைவி மெஹிடபெல்லிடம் ஆப்பிள் பணியாரம் சுட்டு வைக்கச் சொன்னார். யார் வரப்போகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு, யாராவது வருவார்கள் என்றார். அவள் ஆப்பிளை நறுக்கப் போய்விட்டாள்.

மாட்டுத்தொழுவத்தில் நின்று ஒத்திகை வேறு. முதல் தடவை எப்படி மறுப்பது, இரண்டாம் தடவை எப்படி மறுப்பது, மூன்றாம் தடவை எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று எல்லாம் பழகினார். மாடுகள் அசைபோட்டபடி ஆமோதித்தன.

ஒருநாள் வாசலில் காலடிச் சத்தம். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ரம்பம் கேட்டு வந்திருந்தார்.

பணியாரத்தை எலிஃபாலெட்டே தின்று தீர்த்தார்.

தேர்தல் நாள் வந்தது. தோல் பதனிடும் ஜேபஸ் காஃப்ரின் பெயரை யாரோ சொன்னார்கள். ஜேபஸ் எழுந்து, "சரி, போறேன்" என்றான். அவன் பேச்சு அவ்வளவுதான். கூடம் முழுக்கக் கை தூக்கியது. எலிஃபாலெட்டும் தூக்கினார். தூக்காமல் என்ன செய்வார்?

வீடு திரும்பும்போது சபை மூப்பர் ஆசாஹெல் பாம்ஃப்ரெட் கூடவே நடந்து வந்தார். ஆற்றுப்பாலம் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எலிஃபாலெட், அதற்குமேல் தாங்க முடியாமல் கொட்டித் தீர்த்தார்.

"பனியிலயும் சேத்துலயும் பாஸ்டனுக்கும் இங்கயுமா குதிரையில அலைஞ்சேன் மூப்பரே. நன்றி கெட்ட ஊரு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், இன்னொரு தரம் இருங்கன்னு என் வாசப்படி ஏறினானா?"

மூப்பர் நின்றார். கொஞ்சம் இருமினார்.

"வந்தோமே. நாலு பேர் வந்தோம். நீங்க தொழுவத்துல இருந்தீங்க. உங்க வீட்டம்மாதான் உள்ள விடலை."

"விடலையா?"

"என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான், அவரை வந்து கெஞ்சறது அவரைப் பொய்யர்னு சொல்ற மாதிரின்னாங்க. எங்களுக்கே வெக்கமாப் போச்சு. திரும்பிட்டோம்."

எலிஃபாலெட்டுக்கு ஒரு பக்கம் ஆத்திரம். இன்னொரு பக்கம் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"நாலே பேர்தானா?"

மூப்பர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"வாசல்ல நாலு பேர். மத்தவங்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. பாதி ஊர் இருக்கும்."

மூப்பரோடு வீட்டுக்குள் நுழைந்ததும் எலிஃபாலெட் மனைவியைப் பிடித்துக்கொண்டார். பாதி ஊரை வாசலோடு திருப்பி அனுப்ப அவள் யார் என்றார். தன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றார்.

மெஹிடபெல் மாவு பிசைந்த கையோடு தலைகுனிந்து நின்றாள்.

"தப்புதாங்க. நீங்க கூட்டத்துல சொன்னதை நிஜம்னு நம்பிட்டேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நிஜமில்லை என்றா? எலிஃபாலெட் அறையில் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு உட்கார்ந்தார். அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளிவிட்டுப் பேசியபோது, குரலில் அந்தப் பழைய கம்பீரம் வந்திருந்தது.

"விடு. நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சொன்ன சொல்லை மாத்தறவன் என்ன மனுஷன்? பாவம், ஜேபஸுக்குத்தான் சட்டசபையில எப்போ எழுந்திரிக்கணும், எப்போ உட்காரணும்னுகூடத் தெரியாது. நாளைக்குப் போய்ச் சொல்லிக்குடுக்கறேன். அவன் நல்லாச் செஞ்சா ஊருக்குத்தானே நல்லது."

மூப்பரை உட்காரச் சொல்லிவிட்டு, பீப்பாயிலிருந்து ஆப்பிள் கள் எடுத்து வர நிலவறைக்கு இறங்கினார். படியிறங்கும்போது ஏதோ சங்கீதம் முணுமுணுத்தது மேலே கேட்டது.

மூப்பர் குரலைத் தாழ்த்தினார்.

"வேதம் வாசிக்கிற வாயால என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களேம்மா. ஒரு ஆள்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலைன்னு அவருக்கு என்னிக்காவது தெரிஞ்சா?"

"தெரியாது. மெதுவாப் பேசுங்க" என்றாள் மெஹிடபெல். "நாலு பேர்னுதானே உங்களைச் சொல்லச் சொன்னேன். பாதி ஊருங்கறாரே?"

"அவர் முகத்தைப் பார்த்தேம்மா. நாலு பேர் பத்தலை."