கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று

"இந்தச் சோப்பு டப்பாவுலயா எம் பொண்ணு கல்யாணத்தை எடுக்கப் போறீங்க?"

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி இப்படிக் கேட்டதும் போட்டோகிராபர் கருணாகரனின் முகம் சுருங்கிப்போனது. பந்தக்கால் நடுவதைப் படம் எடுக்க வந்த இடத்தில், வந்த காலோடு இப்படி ஒரு வரவேற்பு.

கருணாகரன் வடபழனியில் இருபத்தாறு வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவர். லென்சும் ஃபிளாஷுமாக ரெண்டரைக் கிலோவைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டே கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. வலது கை விரல்கள் அடிக்கடி மரத்துப்போகின்றன. ஒன்று வெயிட்டை விடுங்கள், இல்லாவிட்டால் தொழிலை விடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தொழிலை விட்டால் சோற்றுக்கு எங்கே போவது? அதனால் போன மாதம் கேமராக் கடை தௌசீஃபிடம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காம்பாக்ட் கேமரா வாங்கினார். லேசில் வாங்கிவிடவில்லை. மண்டப வெளிச்சத்துக்குத் தாங்குமா, பெரிய ஆல்பத்துக்குப் பிரிண்ட் போட்டால் தெளிவாக வருமா என்று ஒரு வாரம் அலைந்து தௌசீஃபின் உயிரை எடுத்துவிட்டார். எட்டாவதாகக் காட்டியதைக் கழுத்தில் மாட்டியவர், மாட்டியிருப்பதே மறந்துபோய்க் கடைவாசல் வரை நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடி வந்து தௌசீஃப் பிடித்தபோது, "இதுக்கே பில் போடு பாய்" என்றார்.

இதையெல்லாம் கணேசமூர்த்தியிடம் பணிவாக விளக்கி, படத்தில் ஒரு குறையும் இருக்காது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

"கழுத்து உங்களது. மானம் எனக்குல்ல போவுது?" என்றார் கணேசமூர்த்தி. "சம்பந்தி வீட்டு மூத்த பையன் கல்யாணத்துக்கு பீரங்கி மாதிரி நாலு கேமரா வந்துச்சு. பெரிய கேமரா கிடையாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

வேற ஆள் என்றால் போவது இந்தக் கல்யாணம் மட்டுமில்லை. தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்கள் வீட்டு விசேஷமெல்லாம் கணேசமூர்த்தி சொல்லித்தான் கருணாகரனுக்கு வருகின்றன. பெரிய கேமராவோடு வருவதாகத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

"மனுசனா அந்தாளு? கருங்கல்லு" என்று வீட்டில் மனைவியிடம் பொருமினார். பொருமிக்கொண்டே அலமாரியைக் குடைந்ததில், செத்துப்போன பழைய கேமரா ஒன்று அகப்பட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் ரிப்பேர்காரர் எப்போதோ உருவிவிட்டதால் வெறும் கூடு. முன்னால் இருந்த நீள லென்சுக்குள்ளும் ஒன்றுமில்லை. தூக்கிப் பார்த்தார், பஞ்சாக இருந்தது. மேலே ஒரு ஃபிளாஷை மாட்டி விரலால் அமுக்கினால் பளிச்சென்று வெட்டியது. கருணாகரனுக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

முகூர்த்தத்தன்று சின்னக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு, அந்தக் கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜம்மென்று மேடை ஏறினார். "எல்லாரும் இங்க பாருங்க" என்று அதைக் கண்ணில் வைத்து ஃபிளாஷ் அடிப்பார். எடுத்தாகிவிட்டது என்று ஜனங்கள் விறைப்பை விட்டுச் சிரிக்கிற நேரத்தில், நெஞ்சருகே இருந்த சின்னக் கேமரா சத்தமில்லாமல் வேலையை முடித்துவிடும். கழுத்து வலியே இல்லை.

வேறொரு வலிதான் இருந்தது. கணேசமூர்த்தி.

மனுஷர் கருணாகரனை விட்டு இம்மி நகரவில்லை. இவர் இடப்பக்கம் போனால் அவரும் இடப்பக்கம், இவர் குனிந்தால் அவரும் குனிந்தார். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த முன்வரிசைக்கும் கேமராவுக்கும் நடுவே பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நந்தி மாதிரி நின்றார். என்ன கேமரா என்று பார்க்கச் சம்பந்தி ஆசையாக எழுந்து வந்தபோது, தோளில் கைபோட்டு அவரை டிபனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டு, மூச்சிரைக்க மறுபடி வந்து நின்றார். தாலி கட்டும்போதாவது பெண் பக்கத்தில் போவார் என்று பார்த்தால், அப்போதும் கருணாகரனின் தோளை உரசிக்கொண்டுதான் இருந்தார்.

பெரிய கேமராவில்தான் எடுக்கிறேனா என்று காவல் காக்கிறான் பாவி, என்று பல்லைக் கடித்துக்கொண்டே கருணாகரன் வேலையை முடித்தார்.

ஆல்பம் போட உட்கார்ந்தபோதுதான் கருணாகரன் அதைக் கவனித்தார். இருநூறு படத்தில் பெண்ணைப் பெற்றவர் மொத்தமே மூன்றில்தான் இருந்தார். இதற்கு என்ன பேச்சு கிடைக்குமோ என்ற பயத்தோடுதான் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார்.

கணேசமூர்த்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மகள் பூஜா மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிற படம் வந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெரிய கேமரான்னா பெரிய கேமராதான்" என்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

கருணாகரன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். எல்லாம் நீ சொன்ன சோப்பு டப்பாதான்யா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் ஆல்பத்தில் இருந்த குறையைத் தானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"சார், ஆல்பத்துல நீங்கதான் கம்மியா கீறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"அது கெடக்கட்டும். ஐப்பசியில எந்தம்பி மகனுக்குக் கல்யாணம். நீங்கதான் எடுக்கணும்."

"அதுக்கும் பெரிய கேமராவையே கொண்டாந்துடறேன் சார்" என்றார் கருணாகரன், வாயெல்லாம் பல்லாக.

கணேசமூர்த்தி அவரைப் புடவைக் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"கொண்டாங்க. ஆனா அன்னைக்காவது லென்ஸ் மூடியக் கழட்டிருங்க. எம் பொண்ணு கல்யாணம் பூரா அத மாட்டிக்கிட்டேதான் எடுத்தீங்க. கழுத்து வலிக்காரரை நாலு பேர் முன்னால கேக்க மனசு வரல. சம்பந்தி கண்ணுல பட்டுறக் கூடாதேன்னு உங்கள மறைச்சுக்கிட்டே நின்னேன், அதுலதான் நான் ஆல்பத்துல இல்லாமப் போனேன்."