பார்த்தால் தெரியாது

மறுபடியும் விக்.

முகநூலில் காலையிலிருந்து இது நாலாவது விளம்பரம். சிரித்த முகத்தோடு ஒருத்தி தலைமுடியைக் கழற்றிக் காட்டினாள். கீழே, 'பார்த்தால் தெரியாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயதிலும் தெருவே கண் வைக்கும் முடி. இடுப்பைத் தொடும். இவளிடமா வந்து கடை விரிப்பான்?

மூலையில் இருந்த மூன்று புள்ளிகளைத் தொட்டு அந்த விளம்பரத்தை மறைத்தாள்.

அடுத்தது முள்சீத்தாப் பொடி. அதற்கும் அடுத்தது, தலையில் கட்டிக்கொள்ளப் பருத்தித் துணி.

நாம் பேசுவதையெல்லாம் போன் ஒட்டுக்கேட்கிறது என்று எதிர்வீட்டு மெர்சி சொல்லியிருந்தாள். அதையும் சோதித்தாயிற்று. இரண்டு நாள் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "குடை வாங்கணும், குடை வாங்கணும்" என்று பைத்தியம் மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

ஒரு குடைகூட வரவில்லை.

போன் கேட்கவில்லை என்றால், யார் சொன்னது?

கூடத்தில் டப்பென்று சத்தம் கேட்டது. அவர்தான். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டிய மனுஷன். எதைப் படித்தாலும், படித்த கையோடு கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். ஒரு வரியானாலும் அப்படித்தான்.

கொஞ்ச நாளாக அவரும் சரியில்லை. கேட்காமலே மாதுளம்பழம் உரித்துத் தருகிறார். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் வாயைத் திறப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம்.

அவள் மார்பில் இருந்த கட்டிக்குப் போன மாதம் சோதனை எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்க அவர் மட்டும்தான் போனார்.

"சாதாரணக் கொழுப்புக் கட்டிதானாம்" என்றார் வந்ததும்.

காகிதத்தைக் கேட்டாள். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்களாம்.

விளம்பரங்களை ஒரேயடியாக நிறுத்த வழி தேடலாம் என்று, முதல்முறையாக முகநூலின் தேடல் பெட்டியைத் தொட்டாள்.

அதன் கீழே ஏற்கெனவே சில வரிகள் இருந்தன.

அவள் எழுதியவை அல்ல.

துபாய்க்குப் போகுமுன் மகன் முகுந்தன், "அப்பாவுக்குத் தனியா எதுக்கும்மா?" என்று அவள் கணக்கையே அவர் போனிலும் போட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. அவரோ எந்தச் சந்தேகத்தையும் இந்தப் பெட்டியில்தான் கேட்பார். அதுவும் மனு எழுதுகிற மாதிரி.

'விக் கிடைக்கும் இடம், மதுரை.'

'சிகிச்சையில் உதிர்ந்த முடி மீண்டும் வளருமா.'

'முள்சீத்தாவால் மேற்படி புற்றுநோய் முற்றிலும் குணமாகுமா.'

எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக எழுதியது:

'மேற்படி விவரத்தை மனைவிக்கு எவ்வாறு தெரிவிப்பது.'

அவளுக்கு முதலில் வந்தது பயம்தான். பொய் சொன்னாரே என்ற கோபமும் இருந்தது. ஒரு மாதமாக இதை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு மாதுளம்பழம் உரித்தாரே என்று நினைத்தபோது அழுகை வந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதே பெட்டியில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினாள்.

'மேற்படி விவரம் மனைவிக்குத் தெரியும்.'

தேடு என்பதை அழுத்தினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

கத்தியை நிறுத்திக் காத்திருந்தாள்.

ஒரே ஒரு வரிதான். அதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பெட்டி மூடப்படவே இல்லை.

அவளே எழுந்து போனாள்.