காலியாக இருந்த ஆணி

"கத்தி கித்தி ஏதாவது இருந்தா இங்கேயே குடுத்துடுங்கம்மா. திரும்பும்போது வாங்கிக்கலாம்."

காட்டு நுழைவாயிலின் சின்ன அறையில் காவலர் தலையைத் தூக்காமலேயே சொன்னார். மேசை டிராயரின் கைப்பிடி கழன்று கையோடு வந்திருந்தது. ஒரு நாணயத்தின் விளிம்பை வைத்துத் திருகாணியை முடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நாணயம் வழுக்கி வழுக்கி விரலைப் பதம் பார்த்தது.

"நான் உள்ளே போக வரலை தம்பி. உங்களுக்கு நன்றி சொல்ல வந்தேன்," என்றாள் அவள்.

போன வருஷம் மழைக்காலத்தில் கணவரோடு வந்ததை நினைவுபடுத்தினாள். அவளுடைய தோள்பையின் ஜிப் மாட்டிக்கொண்டதையும், இவர்தான் குறடு போட்டு இழுத்துச் சரிசெய்ததையும் சொன்னாள்.

அவர் நிமிர்ந்தார். "ஓடையில சிக்கினது நீங்கதானாம்மா? அந்தப் பக்க ரோடு வழியா ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிட்டதா சொன்னாங்க. சார் வரலையா?"

"அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சு. நெஞ்சு வலி."

அவர் தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

அவள் பையிலிருந்து சிவப்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதை அன்னைக்கு நீங்க வாங்கி வச்சிருக்கணும். பையை இங்கேயே விட்டுட்டு நான் குழாயடியில முகம் கழுவப் போனேன் பாருங்க, அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் உங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு இதை உள்ளே போட்டுட்டாரு. இல்லேன்னா நீங்களே பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டிருக்கணும். எப்படியோ, நான் உங்க முன்னால உட்கார்ந்திருக்கேன்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். கணவர் முன்னால் போய்விட, இவள் சறுக்கி ஓடைக்குள் விழுந்தாள். கணுக்கால் இரண்டு வேர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மேலே எங்கோ மழை. முழங்கால் வரை இருந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. தொண்டை கிழியக் கூப்பிட்டும் கேட்க ஆளில்லை. பைக்குள் எதையோ தேடியபோதுதான் இது கையில் தட்டுப்பட்டது. விரல் நீளம்தான் அதன் ரம்பம். அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வேரை அறுத்தாள். கரையேறியதும் அதிலிருந்த கத்தரிக்கோலால் சால்வையை நறுக்கி, குச்சி வைத்துக் காலைக் கட்டினாள்.

"அவர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தெட்டு வருஷமா இந்தக் கத்தி இல்லாம வெளியே போனதில்லை. 'அது என்ன உங்க சின்ன வீடா, படுக்கும்போதும் தலைமாட்டுல வச்சுக்கிறீங்க'ன்னு கேட்பேன். ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சு, 'உங்க சின்ன வீடுதான் என்னைக் காப்பாத்துச்சு'ன்னு கையில குடுத்தேன். மனுஷன் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, வாயே திறக்கலை. அப்புறம் பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் அவர் பெருமையைத்தான் பாடினேன். கேட்டுக்கிட்டுச் சும்மா சிரிப்பாரு. ஆனா, 'ஒரு நாள் அந்த வாசல்காரரைப் போய்ப் பார்க்கணும்'னு மட்டும் அடிக்கடி சொல்லுவாரு. அதான், அவருக்குப் பதிலா நான் வந்தேன்."

காவலர் கத்தியை எடுத்தார். பிடியின் ஓரத்திலிருந்த கீறலைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார்.

"அது நான் விழுந்தப்ப ஆனதோ என்னவோ," என்றாள்.

"இல்லம்மா. முன்னாடியே இருந்திருக்கும்."

டிராயர் பிடியை அதை வைத்தே முடுக்கிக்கொள்ளச் சொன்னாள். இத்தனை பேர் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு நாணயத்தோடு மல்லுக்கட்டுவானேன் என்று சிரித்தாள்.

"அதெல்லாம் அடுத்தவங்க பொருள்மா. தொடக்கூடாது."

சொல்லிக்கொண்டே, பார்க்காமல் நகத்தால் நெம்பினார். ரம்பம், கத்தரிக்கோல், குட்டிக் குறடு என்று ஏழெட்டுக் கருவிகளுக்கு நடுவிலிருந்து சரியான ஸ்க்ரூ டிரைவர் எழுந்து நின்றது. நாலே சுற்று, கைப்பிடி பொருந்திவிட்டது. கத்தியைத் துடைத்து மடக்கினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார்.

"அவர் ஞாபகமா இதைத்தான் நான் எப்பவும் கூடவே வச்சிருக்கேன்," என்றாள் அவள்.

அவர் அதை இரண்டு கையாலும் நீட்டினார். "பத்திரமா வச்சுக்கோங்கம்மா. சார்தான் உங்களைக் காப்பாத்தியிருக்காரு."

எழுந்தபோது சுவரிலிருந்த பலகை அவள் கண்ணில் பட்டது. வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பித்தளை வில்லை. கத்தியை ஒப்படைப்பவர்களுக்குக் கொடுக்கிற டோக்கன். அன்று இன்னும் யாரும் உள்ளே போயிருக்கவில்லை. ஆனாலும் நாற்பத்து மூன்றாம் ஆணி மட்டும் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டாள்.

"யாரோ கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. அவங்க பொருள் டிராயர்ல பத்திரமா இருக்கு," என்றார் காவலர்.

மனம் லேசாகி அவள் பஸ் ஏறினாள். இரண்டு வளைவு தாண்டியதும் கண்டக்டர் பாஸ் கேட்டார். கணவரின் பர்ஸைத்தான் இப்போது அவள் வைத்திருக்கிறாள். பாஸ் உள்ளறையில் சிக்கியிருந்தது. விரலை விட்டு நெம்பினாள். அவர் அங்கே செருகி வைத்திருந்த அவளுடைய பழைய புகைப்படம் வந்தது. அதற்குப் பின்னாலிருந்து பித்தளை வில்லை ஒன்று நழுவி மடியில் விழுந்தது. அதில் 43 என்று பொறித்திருந்தது.

"வண்டியை நிறுத்துங்க," என்று எழுந்தாள் அவள். "அந்தக் காவலரோட கத்தி என்கிட்ட இருக்கு. எங்க வீட்டுக்காரர் கத்தி அவர் டிராயர்ல இருக்கு."